18,500 ரூபாய் கொடுத்து வேனுக்குள் கொள்ளி வைத்துக்கொண்டேன்

கருகின பிளாஸ்டிக் வாடை இன்னும் வண்டியை விட்டுப் போகவில்லை. 18,500 ரூபாய். எதையெல்லாம் பார்த்து வேலை கொடுக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் இதைப் படியுங்கள்.

கிருஷ்ணகிரியில், வண்டிகளுக்கு லைட், சீட் கவர் போடும் கடை ஒன்று. பெயர் வேண்டாம், வக்கீலைப் பார்க்கும்வரை எழுதாதே என்கிறான் தம்பி. பழைய டெம்போ டிராவலரில் படுக்கை, சின்ன அடுப்பு எல்லாம் வைத்துக் கேரவன் மாதிரி மாற்றியிருந்தேன். கூரையில் 12 வோல்ட் எல்இடி விளக்கு நாலு, ஓரமாக நாடா மாதிரி ஒட்டுகிற 5 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப், இவ்வளவுதான் பாக்கி.

போனதும் டீ வந்தது. கடைக்காரர் அப்பா பெயரைக் கேட்டார். காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவே தெரியும் என்றார். "பில் எதுக்குண்ணா, ஜிஎஸ்டி உங்களுக்குத்தான் தண்டம். எதுன்னாலும் நான் இருக்கேன்ல." அந்த "இருக்கேன்ல"வில்தான் விழுந்தேன். ஃபியூஸ் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "12 வோல்ட்தானேண்ணா, தொட்டாக்கூட ஷாக் அடிக்காது" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், மடையன். 10,000 ஜிபே, 8,500 ரொக்கம்.

ஷாக் அடிக்காது, சரி. தீப்பிடிக்குமே!

ஞாயிறு ராத்திரி ஒகேனக்கல்லில் வண்டியை நிறுத்திப் படுத்திருந்தோம். ஸ்ட்ரிப் இரண்டு தடவை மினுக்கியது, அப்புறம் ரெக்சினுக்குப் பின்னாலிருந்து புகை. பிள்ளைகளை வெளியே இழுத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றினேன். ஒரு போல்ட்தான். அது சுற்றி முடிவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

மறுநாள் பாலக்கோட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் பேனலைப் பிரித்தார். கூரைத் தகரத்தில் போட்ட ஓட்டைக்கு ரப்பர் வாஷர்கூட இல்லை. தகர விளிம்பு வயரை அறுத்து, பிளஸ் பாடியில் உரசியிருக்கிறது. பாடிதான் மைனஸ் என்பதால் நேராக ஷார்ட். வழியில் ஃபியூஸ் எங்கேயும் கிடையாது. ஜாயின்ட் எல்லாம் முறுக்கி டேப் சுற்றியது. அந்த ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட், ஆக 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் போட்டது ஸ்பீக்கருக்குப் போடும் நூல் வயர். "யாருங்க போட்டது இதை?" என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "எலி கடிச்சிருக்கும்ணா". அடுத்து "நீங்க வேற ஏதாச்சும் சார்ஜர் சொருகியிருப்பீங்க". மூன்றாவது தடவை பையன் எடுத்து, ஓனர் திருப்பதி போயிருக்கிறார் என்றான். பின்னாலேயே ஓனர் குரல் கேட்கிறது! கருகின வயர் படத்தை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போய் 18,500-ஐத் திருப்பிக் கேட்டால் "பில் இருக்குங்களா?" என்கிறார். பில் எதுக்குண்ணா என்றதே அந்த வாய்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. பேட்டரி பிளஸுக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள், வயர் தாங்குகிற அளவுக்கு மேல் போகாமல். பேனல் மூடுவதற்கு முன் நின்று பாருங்கள். பில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் சொல்லலாம், நான் சொல்லியாயிற்று. ஜிபே காட்டுவது 10,000 மட்டும். மீதி 8,500-க்கு அந்த டீ கொண்டுவந்த பையன்தான் சாட்சி.