விடிந்தபிறகு ஊதும் விசில்: என்பிஏவின் கடைசி இரண்டு நிமிட அறிக்கை

பொருள்: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ வெளியிடும் ‘லாஸ்ட் டூ மினிட் ரிப்போர்ட்’, அதாவது ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் நடுவர்கள் செய்தது சரியா தப்பா என்று மறுநாள் சொல்லும் அறிக்கை. விலை: இலவசம். பயன்படுத்திய காலம்: 2015 மார்ச்சில் அது தொடங்கியதிலிருந்து. மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றாவது, போனால் போகிறது என்று போட்டது.

வார நாட்களில் எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. சனி, ஞாயிறுகளில் பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளில் விசில் ஊதப் போவேன். திட்டு வாங்கிப் பழகியவள் என்பதால், இன்னொரு நடுவரைத் திட்டுவதற்காக இந்த அறிக்கையைத் திறப்பதில்லை. என்னைவிட நூறு மடங்கு தேர்ந்த ஒருவர், எங்கே நின்றதால் எதைத் தவறவிட்டார் என்று பார்க்கத்தான் திறக்கிறேன்.

கடைசி இரண்டு நிமிடத்தில் எப்போதாவது வித்தியாசம் மூன்று புள்ளிக்குள் இருந்திருந்தால் அந்த ஆட்டத்துக்கு அறிக்கை உண்டு. ஓவர்டைம் போனால் அதற்கும் உண்டு. ஊதியது எல்லாமும், ஊதாமல் விட்டதில் முக்கியமானவையும் பட்டியலாக வரும். கடிகாரத்தில் எத்தனை நொடி, மோதியது யார், அடிபட்டது யார், தீர்ப்பு, இரண்டு வரி விளக்கம், பக்கத்திலேயே வீடியோ. தீர்ப்புக்கு நான்கு குறியீடுகள்: சிசி என்றால் ஊதியது சரி, சிஎன்சி என்றால் ஊதாதது சரி, ஐசி என்றால் ஊதியது தப்பு, ஐஎன்சி என்றால் ஊதாதது தப்பு. ரசிகர்கள் தேடுவது கடைசியைத்தான். நான் முதலில் பார்ப்பது சிஎன்சி வரிகளை. கை பட்டிருக்கும், ஆனாலும் ஊத வேண்டியதில்லை என்று ஏன் முடிவு செய்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் நடுவரின் கால் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதுவரை தெரியும். எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்கு இது கிடைத்ததில்லை. முதல் இரண்டு மதிப்பெண் இதற்குத்தான்.

டெலிவரிதான் மந்தம். மறுநாள் மாலை 5 மணிக்குள், அதுவும் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி. நமக்கு அது அதிகாலை இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை.

2025 ஏப்ரல் 27, டெட்ராய்ட், பிளேஆஃப் என்னும் நாக்அவுட் கட்டத்தின் முதல் சுற்று, நான்காவது ஆட்டம். நமக்கு இரவு பத்தரைக்குத் தொடங்கியது. கடைசி நொடிகளில் நியூயார்க் 94, டெட்ராய்ட் 93. டெட்ராய்ட்டின் கேட் கன்னிங்ஹாம் எறிந்தது விழவில்லை. கீழே உருண்ட பந்துக்கு ஒரு தள்ளுமுள்ளு, அப்புறம் அது எப்படியோ மூலையில் நின்ற அவர் அணியின் டிம் ஹார்டவே ஜூனியர் கைக்கு வந்தது. ஹார்டவே எறிவதுபோல் ஏமாற்ற, நியூயார்க்கின் ஜோஷ் ஹார்ட் பாய்ந்து வந்து உடம்போடு மோதினார். பந்து விழவில்லை, மணி அடித்தது, விசில் மட்டும் கேட்கவில்லை. டெட்ராய்ட் பயிற்சியாளர் பிக்கர்ஸ்டாஃப் நடுவர்களைத் துரத்திக்கொண்டே போனார். ஊதாத ஃபவுலை பயிற்சியாளர் சேலஞ்ச் செய்ய (வீடியோவில் மறுபடி பார்க்கச் சொல்ல) முடியாது, ஊதியதைத்தான் செய்யலாம். நியூஜெர்சியின் செகாக்கஸில் 2014 முதல் ஒரு ரீப்ளே சென்டர், சுவர் முழுக்கத் திரைகளுடன் இயங்குகிறது. ஊதாமல் விட்ட ஃபவுலில் அதற்கும் வேலையில்லை.

ஆட்டம் முடிந்ததும் தலைமை நடுவர் டேவிட் கத்ரி, நிருபரிடம் நேராகவே ஒப்புக்கொண்டார்: மோதல் லேசானதல்ல, ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் ஒரு புள்ளி பின்தங்கிய அணிக்கு, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ மூன்று. சோபாவில் உட்கார்ந்தபடி நான் “ஐயோ பாவம்” என்றேன், டெட்ராய்ட்டை நினைத்து அல்ல, கத்ரியை நினைத்து. நான்கு வெற்றி வேண்டிய தொடரில் நியூயார்க் 3-1 என்று முன்னேறியது, ஆறாவது ஆட்டத்தில் தொடரையே முடித்துவிட்டது. அறிக்கையால் ஸ்கோர் மாறாது. இது எல்லோரும் சொல்லும் குறை, எனக்கு இது பெரிதாகப் படவில்லை. ஆட்டத்தைத் திரும்ப ஆட வைக்க முடியுமா என்ன.

என் குறை வேறு. இந்தப் பொருள், பிளேஆஃபில் நாம் அதிகம் சண்டைபோடும் விஷயத்தைத் தொடுவதே இல்லை.

2024ல் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஃபிலடெல்ஃபியாவின் டைரீஸ் மேக்ஸியின் சட்டையை நியூயார்க்கின் ஜேலன் பிரன்ஸன் பிடித்தார், ஜோஷ் ஹார்ட் மோதினார், இரண்டுக்கும் விசில் இல்லை. நியூயார்க் 104-101 என்று வென்றது. மறுநாள் அறிக்கை இரண்டுமே ஃபவுல்தான் என்று வரி வரியாகச் சொன்னது. சரி. மூன்று நாள் கழித்து மூன்றாவது ஆட்டம். கீழே கிடந்த ஃபிலடெல்ஃபியாவின் ஜோயல் எம்பீட், மேலே தாவிய நியூயார்க்கின் மிட்செல் ராபின்சனின் காலைப் பிடித்து இழுத்தார். பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நடுவர்கள் திரையைப் பார்த்துவிட்டு ஃபிளேக்ரண்ட் 1, அதாவது கடுமையான ஃபவுலில் லேசான வகை, என்றார்கள். எம்பீட் ஆட்டத்தில் தொடர்ந்து 50 புள்ளி எடுத்தார், ஃபிலடெல்ஃபியா வென்றது. அது நடந்தது முதல் கால்பகுதியில், அதனால் அறிக்கையில் அதற்கு இடமே கிடையாது. சட்டையைப் பிடித்ததற்குக் கணக்கு உண்டு, காலை இழுத்ததற்கு இல்லை.

தெரியாதவர்களுக்கு: தேவையில்லாத மோதல் என்றால் ஃபிளேக்ரண்ட் 1. தேவையில்லாதது, அளவு மீறியதும்கூட என்றால் ஃபிளேக்ரண்ட் 2, ஆள் வெளியே. சண்டை எல்லாம் அந்த ‘அளவு’ என்ற ஒரு சொல்லில்தான். அதற்கு முந்தைய வருடம் புரூக்ளினில் ஒரே ஆட்டத்தில், படுத்திருந்த எம்பீட் நிக் கிளாக்ஸ்டனை நோக்கி உதைத்தார், அது 1. அவர் அணியின் ஜேம்ஸ் ஹார்டன், ராய்ஸ் ஓநீலைக் கையால் தட்டினார், அது 2. உதைத்தவர் உள்ளே, தட்டியவர் வெளியே! உதைத்தது அளவு மீறவில்லை, தட்டியது நேராகக் கவட்டில் பட்டதால் அளவு மீறியது என்று தலைமை நடுவர் விளக்கினார். அந்த விளக்கத்தை எனக்கு ஏற்கவும் முடியவில்லை, முழுக்கத் தள்ளவும் முடியவில்லை. இங்கேதான் அந்த இரண்டு வரியும் வீடியோவும் தேவை.

ஏனென்றால் இந்தத் தீர்ப்புகள் அடுத்த ஆட்டத்தையும் தொடுகின்றன. பிளேஆஃபில் ஃபிளேக்ரண்ட் 1க்கு ஒரு தண்டனைப் புள்ளி, 2க்கு இரண்டு. நான்கு சேர்ந்தால் ஒரு ஆட்டம் தடை. லீக் மறுநாள் அதை ஏற்றவும் இறக்கவும் செய்யலாம். 2016 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீன், லெப்ரான் ஜேம்ஸ்மீது கை ஓங்கியதைப் பிறகு ஃபிளேக்ரண்ட் 1 ஆக்கினார்கள். அதுவரை சேர்ந்த மூன்றோடு அது நான்கு. 3-1 என்று முன்னிலையில் இருந்த கோல்டன் ஸ்டேட், ஐந்தாவது ஆட்டத்தை அவர் இல்லாமல் ஆடித் தோற்றது, தொடரையும் தோற்றது. இறுதித் தொடரில் 3-1 முன்னிலையை ஒரு அணி பறிகொடுத்தது அதுவே முதல்முறை. தடை சரியா என்று என்னைக் கேட்டால், சரிதான். முதல் சுற்றிலேயே ஒருவரைக் கீழே தள்ளி, அடுத்து ஸ்டீவன் ஆடம்ஸை உதைத்து மூன்றைச் சேர்த்தது அவரேதான்.

லீக் பாடமே கற்காது என்றும் சொல்ல மாட்டேன். 2017ல் எறிந்துவிட்டு இறங்கிய சான் அன்டோனியோவின் கவாய் லெனர்ட், கோல்டன் ஸ்டேட்டின் ஜாஜா பச்சூலியாவின் பாதத்தின்மேல் மிதித்துக் கணுக்கால் மடங்கி வெளியேறினார். 23 புள்ளி முன்னால் இருந்த சான் அன்டோனியோ இரண்டு புள்ளியில் தோற்றது. அடுத்த சீசனிலேயே, எறிபவர் இறங்க இடம் விடாவிட்டால் ஃபிளேக்ரண்ட் வரை கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். அப்படி விதியையே திருத்தத் தெரிந்தவர்களுக்கு, ஒவ்வொரு ஃபிளேக்ரண்டுக்கும் ஒரு வரி எழுதுவது பெரிய வேலையா?

போன மாதம் இதை நானே செய்து பார்த்தேன். ஒரு பள்ளிப் போட்டியில் லே-அப் (கூடைக்கு அருகே ஓடிப்போய் எறிவது) போன பையனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். கம்பத்தில் இடித்துக்கொண்டான், புருவத்துக்கு மேல் மூன்று தையல். நான் சாதாரண ஃபவுல்தான் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு அப்பா எடுத்த வீடியோவைப் பார்த்தால், தள்ளியவன் பந்தைப் பார்க்கவே இல்லை. கையை உயர்த்தி மணிக்கட்டைப் பிடித்து, ஆட்டப் பண்பை மீறிய ஃபவுல் என்னும் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் காட்டியிருக்க வேண்டும். அறிக்கை மாதிரியே நேரம், யார், யாரை, என் தீர்ப்பு, சரியான தீர்ப்பு, நான் நின்ற இடம் என்று எழுதி அந்தப் பயிற்சியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. மறுநாள் மாலை பதில்: “பரவால்ல மேடம். பையன் நல்லா இருக்கான். ஞாயித்துக்கிழமை நீங்கதானே வர்றீங்க?”