எட்டு வருடம், ஒரே டபுள் ஹார்ன்

பழையதாக வாங்கிய டபுள் ஹார்ன் இது, அதாவது எஃப், பி ஃபிளாட் என்ற இரண்டு சுருதிக் குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்த பிரெஞ்சு ஹார்ன். எட்டு வருடமாக என் கையில் இருக்கிறது. இடது கை படும் இடத்தில் பூச்சு முழுக்கப் போய்விட்டது. முதல் நான்கு வருடம் ஆர்கெஸ்ட்ராவில் நான்காவது ஹார்ன், அப்புறம் சோலோக்களை ஊதும் முதல் ஹார்ன்.

எஃப் பக்கத்துக் குழாய் மட்டும் சுமார் 3.7 மீட்டர். கட்டைவிரல் வால்வை அழுத்தினால் பி ஃபிளாட் பக்கம், 2.7 மீட்டர். குழாய் நீள நீள மேல் சுரங்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். உதடு மயிரிழை பிசகினால் போதும், பக்கத்துச் சுரம் வந்து நிற்கும். அதனால் மேலே போகும்போது பி ஃபிளாட்டுக்குத் தாவிவிடுகிறேன். அதிலும் சறுக்கும், ஆனால் குறைவு. நடுச் சுரங்களில் எஃப் பக்கத்தின் குரலை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வராது.

குறை என்றால் கட்டைவிரல் வால்வின் கயிறு. ஒருமுறை ஒத்திகை நடுவே அறுந்து, மீதியை எஃப் பக்கத்திலேயே ஓட்டினேன். அன்றிலிருந்து பெட்டியில் மீன்பிடி நரம்பும் சின்ன திருப்புளியும் உண்டு. வால்வு எண்ணெயை மறந்தாலும், சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்த் துண்டான ஸ்லைடுக்குப் போடும் கிரீஸை மறக்காதீர்கள். இறுகிக்கொண்ட ஸ்லைடைக் கழற்றும் பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

சத்தத்தை அடக்க ஹார்னின் வாயில் செருகும் பிராக்டிஸ் மியூட்டை இரவில் மட்டும்தான் போடுகிறேன். அதில் காற்று எதிர்த்து நிற்கும், சுருதியும் விலகும். ஒரு மாதம் அதையே நம்பிவிட்டு மேடை ஏறியபோது என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது.

என் பயிற்சி மாறியது முதல் ஹார்னுக்கு வந்த பிறகுதான். வீட்டில் ஒரு மணி நேரம் ஊதி உதடு சூடேறிய பின் சைக்கோவ்ஸ்கி ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி சோலோ அழகாகவே வரும். மேடையில் அப்படியா? பல பார்களை (தாளக் கட்டங்களை) எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்து, குழாய் ஆறிய பிறகு, மெதுவாகத் தொடங்க வேண்டியிருக்கும். இப்போது வீட்டிலும் ஹார்னை மடியில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருகிறேன். பிறகு ஒரே ஒரு தொடக்கம். தப்பினால் தப்பியதுதான், உடனே திரும்ப ஊதுவதில்லை. மறுபடி ஐந்து நிமிடம். சலிப்பான வேலைதான், ஆனால் மேடையில் சறுக்கல் கண்கூடாகக் குறைந்தது.

இன்னொன்று, மணிவாய் பின்பக்கம் பார்ப்பதால் சத்தம் சுவரில் பட்டுத்தான் முன்னே வரும். காதுக்குச் சரியென்று படும் நேரத்தில் ஊதினால் கண்டக்டருக்கு அது தாமதம். இழை அளவு முந்திக்கொள்ள வேண்டும். இதை வீட்டில் பழக வழியே இல்லை.

பிராம்ஸ் முதல் சிம்பொனியின் கடைசிப் பகுதி சோலோ சி ஹார்னுக்கு எழுதியது. எஃப் ஹார்னில் எழுதிய சுரத்தையும் சேர்த்து எண்ணி நான்காவது சுரத்துக்குக் கீழே இறக்கிப் படிக்க வேண்டும் (சி என்றால் ஜி), அது பழகிவிடும். மூச்சுதான் பெரிய கவலையாக இருந்தது. ஆனால் நீண்ட சுரத்தில் இரண்டாவது ஹார்ன் வந்து சேர்ந்துகொள்ளும்படி பிராம்ஸே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் அந்தச் சுரத்தைத் தாங்கிப் பிடிக்க, நான் நிதானமாக மூச்சு எடுத்துக்கொண்டேன்.