தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு துண்டு வயர்

டொரண்டோவிலிருந்து மூன்று வாரம் அம்மாவோடு இருக்கலாம் என்று தண்டையார்பேட்டைக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் முன்னால் ரப்பர் செருப்பு கிடந்தது. "முன்னாடி கதவைத் தொட்டா சுர்ருன்னு இழுக்கும்ப்பா, போன வருஷம் ஒரு பையன் வந்து சரி பண்ணிட்டான், ஆனாலும் செருப்பு போட்டே பழகிடுச்சு" என்றார் அம்மா.

நான்காம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் மட்டும் எல்லாம் நின்றுபோனது. டெஸ்டரை வைத்தால் பிளக்கின் எல்லா ஓட்டையிலும் எரிகிறது, ஃபிரிட்ஜ் கதவிலும் எரிகிறது! ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

தெருக்கோடி எலக்ட்ரீஷியன் அண்ணன் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். மீட்டர் பக்கத்தில், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி கருகி விட்டுப்போயிருந்தது. அது எங்கும் நடப்பதுதான். ஆனால் பிளக் பெட்டியைத் திறந்தால், நியூட்ரலிலிருந்து, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்கு ஒரு துண்டு வயர். எர்த் குழாய் உப்புத் தண்ணீரில் அரித்துப்போனதால் அந்தப் பையன் செய்துவைத்த வேலை. நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை சுருசுருப்பு தெரியாது. அது அறுந்த அன்று, ஃபேன், லைட் வழியாக வந்த 230 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு வயரைப் பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜ் உடம்புக்கே வந்துவிட்டது. அம்மாவின் செருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"கனடாவுல நியூட்ரல், எர்த் ரெண்டையும் சேர்த்துத்தானே கட்டுறாங்க அண்ணே?" என்று கேட்டேன். சேர்க்கிறார்கள், மெயின் பேனலில், ஒரே இடத்தில். அதைத் தாண்டி சப் பேனலில்கூடப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். நம் ஊரில் நியூட்ரலை எர்த் பண்ணுவது டிரான்ஸ்ஃபார்மரில், வீட்டுக்குள் இரண்டும் தொடவே கூடாது.

மறுநாள் அடிபம்புக்குப் பக்கத்தில் இரண்டரை மீட்டர் ஜிஐ குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் குழி போட்டார், சந்துக்குள் தோண்ட ஒரு பகல் முழுக்கப் போனது. குழி மட்டும் போதாது என்றார். சரிதான், குழியின் மின்தடை 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 1 ஓம் என்று வைத்தால்கூட, கசிவு வந்தால் மண் வழியாக ஓடுவது 38 ஆம்பியர், அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் அணைக்கும் சுவிட்ச்) சட்டென்று விழாது. அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கொஞ்சம் கசிந்தாலே அணைக்கும் சுவிட்ச், போட்டோம். போட்டதும் நிற்கவே இல்லை, தட்டித் தட்டி விழுந்தது. அதைக் கழற்றிவிடலாம் என்று அண்ணன் சொல்லவில்லை, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். வாஷிங் மெஷின் பிளக்கில் அதே மாதிரி இன்னொரு துண்டு வயர்! அது வழியாக நியூட்ரல் மின்சாரம் கொஞ்சம் எர்த்துக்குப் போனதைத்தான் கசிவு என்று எடுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. அதை வெட்டி எறிந்த பிறகுதான் ஆர்சிசிபி விழாமல் நின்றது.