சோலார் ஹீட்டர் வாங்குகிறீர்களா? டியூபில் நிற்கும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்கிறார்கள்

ராமேஸ்வரத்தில் எங்களுக்கு நாலு ரூம் உள்ள சின்ன விடுதி. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு நடுங்கி வரும் வயசானவர்கள் முதலில் கேட்பது வெந்நீர்தான். அதற்காகவே போன ஐப்பசியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் போட்டேன். முழுப் பணமும் முதலிலேயே கொடுத்தது என் புத்திசாலித்தனம்.

முதல் வாரமே மூன்றாவது ரூமுக்குப் பச்சைத்தண்ணீர்தான் வந்தது. டீலருக்குப் போன் போட்டால், "மழை மேகம்ணே, அப்படித்தான் இருக்கும்" என்றார். சரி என்று விட்டேன். மழை ஓய்ந்து தை பிறந்தும் அதே கதை.

ஒருநாள் விடியற்காலை, உள்ளே வரும் தண்ணீரின் வால்வை மூடிவிட்டு, டேங்கின் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து 15 லிட்டர் வாளியில் பிடித்தேன். ஒன்பது வாளி நிறைந்தது. பத்தாவதில் கால்வாளி தாண்டியதுமே சொட்ட ஆரம்பித்துவிட்டது. ஏறக்குறைய 140 லிட்டர். மீதி 60 எங்கே?

டேப்பை எடுத்தேன். டேங்கின் வெளி விட்டம் 44 செ.மீ., நீளம் 165. சுற்றிலும் 5 செ.மீ. கனத்துக்கு, சூடு ஆறாமல் காக்கும் பஃப் என்ற நுரை இருக்கிறது. கழித்தால் உள்ளே 34, 155. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785ஆலும் நீளத்தாலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர்: 140.6. வாளிக் கணக்கும் டேப் கணக்கும் ஒன்றுதான். அப்புறம் டேங்குக்குக் கீழே, வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடி டியூப். உள்விட்டம் 4.4, நீளம் 180, ஒன்றில் 2.7 லிட்டர் பிடிக்கும். 20 டியூபுக்கு 54. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அவர் சொன்ன 200 கிட்டத்தட்ட வந்துவிடும்!

கேட்டதற்கு, "டியூபுல இருக்கிறதும் தண்ணிதானேண்ணே" என்கிறார். தண்ணீர்தான், யார் இல்லை என்றது? டியூபில் சூடானது மேலேறும், டேங்கில் ஆறினது கீழே இறங்கும். ஆனால் பாத்ரூம் பைப்பைத் திறந்தால் வருவது டேங்கில் இருப்பது மட்டும்தான். டியூப் நிறைய எப்போதும் தண்ணீர் நின்றுகொண்டேதான் இருக்கும்.

வாங்கும்போது டேங்க் மட்டும் எத்தனை லிட்டர் என்று பில்லில் தனியாக எழுதி வாங்குங்கள். ஃபிட்டிங் முடிந்ததும், மீதிப் பணம் கொடுக்கும் முன், ஒரு தடவை வாளியில் பிடித்துப் பாருங்கள்.

டேங்கை மட்டும் மாற்றித் தர இப்போது இன்னும் எட்டாயிரம் கேட்கிறார். பில்லில் 200 என்றுதான் இருக்கிறது, டேங்க் என்று எங்கேயும் இல்லையாம்.