கடலூர்ல அப்பாவோட கொழுப்பு மாத்திரையும் ஒரு சின்ன மெடிக்கல் கடையும்

ஊருக்கு வந்த ஃப்ளைட்டு, டாக்ஸி எல்லாம் நல்லாத்தான் போச்சு, அதுல எழுத ஒண்ணும் இல்ல. எழுத வந்தது மாத்திரை வாங்கப் போன கதை.

அப்பாவுக்கு 72 வயசு, சுகர் இருக்கு, ஹார்ட்டு ரத்தக்குழாய்ல ஸ்டென்ட்டும் வச்சிருக்கு. வந்ததும் வராததுமா "கொழுப்பு மாத்திரை தீந்துபோச்சு, வாங்கிட்டு வாடா"ன்னு ஒரு அட்டைத் துண்ட கையில குடுத்தாரு. கத்தரியால வெட்டுனது, பின்னாடி "ஸ்டாட்டின்"னு வால் மட்டும் இருக்கு, எத்தனை எம்ஜின்னு இல்ல, எக்ஸ்பயரி தேதி வேற யாரு வீட்டுலயோ இருக்கு. நம்மூர்ல காலி அட்டைதானே டாக்டர் சீட்டு, உங்களுக்குத் தெரியாததா.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட பெரிய கடை ஒண்ணு. கவுண்டர்ல இருந்த பையன் துண்டத் திருப்பிக்கூட பாக்கல, "எத்தனை நாளைக்கு சார்?" அவ்ளோதான் கேள்வி. அட்டோர்வாஸ்டாட்டினா ரோசுவாஸ்டாட்டினான்னு கேக்கணும்ல, ரெண்டும் கொழுப்பக் கொறைக்கிற ஸ்டாட்டின் வகைதான், பேரும் ஸ்டாட்டின்லதான் முடியும், ஆனா ரோசுவா 10ம் அட்டோர்வா 10ம் ஒரே வேகம் கிடையாது. ஒரு அட்டைய எடுத்து வச்சு "இதேதான் சார், கம்பெனிதான் வேற"ங்கிறான். எத்தனை எம்ஜிப்பான்னு கேட்டா "உங்களுக்கு எவ்ளோ வேணும்?". கொத்தமல்லிக் கட்டா வாங்க வந்திருக்கேன்? எனக்கு வந்த கோவத்துக்கு ஒண்ணும் பேசாம வெளிய வந்துட்டேன்.

நான் இருக்குறது இங்கிலாந்துல. எனக்கு மொத மொத ஸ்டாட்டின் எழுதிக் குடுத்தப்ப, வாங்கி ஒரு ரெண்டு வாரத்துல பார்மசிஸ்டே ஃபோன் பண்ணி ஒழுங்கா போடுறியா, தசை ஏதும் வலிக்குதா, எப்பவாவது விட்டுப்போச்சான்னு கேட்டாங்க, திரும்ப கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு ஃபோன். புது மருந்து ஆரம்பிக்கிறவங்களுக்கான அந்த சர்வீஸ் 2011ல வந்தது, கொலஸ்ட்ரால 2021ல சேத்தாங்க. அந்தப் பேச்சுக்கு கடைக்கு என்ஹெச்எஸ், அதாவது அங்கத்த அரசு மருத்துவ சேவை, தனியா காசு குடுக்குது. அதுக்காக அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல, ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட் வாங்கிட்டு ஸ்டாக் இல்ல செவ்வாய்க்கிழமை வாங்கம்பான்.

வீட்டுக்கு வந்தா அம்மா, "அங்க ஏன் போன, புதுப்பாளையத்துல நம்ம பாப்பா கடை இருக்கே"ன்னாங்க. ஒரு ஆள் நிக்கிற அளவு கடை. அந்தப் பொண்ணு டி.பார்ம், அதாவது பார்மசி டிப்ளமோ, படிச்சவங்க. துண்டப் பாத்ததும் "வெட்டுனது நான்தாண்ணா, ஐயா அஞ்சு கேட்டா அஞ்சுதானே குடுக்க முடியும்"னு சிரிச்சுட்டு ஒரு லாங் சைஸ் நோட்ட எடுத்தாங்க. அப்பாவுக்குன்னு தனிப் பக்கமே இருக்கு. அட்டோர்வாஸ்டாட்டின் 40. விரல வச்சு கீழ எறங்கிட்டே வந்தவங்க சட்டுனு நிறுத்தி, "அண்ணா, சுகர் மாத்திரை மாசாமாசம் கரெக்டா வாங்குறாரு. இத ஜூலைல இருந்து மாசத்துக்கு அஞ்சுதான் வாங்கியிருக்காரு. மத்த நாள் போடலன்னுதானே அர்த்தம்? ஐயாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன்"னாங்க.

எனக்கு ஆடிப்போச்சு. வாரா வாரம் வீடியோ கால்ல "மாத்திரை போட்டியாப்பா"ன்னு கேட்டா "போட்டேன் போட்டேன்"னு தலைய ஆட்டுன மனுஷன்!

சாயந்திரம் கூட்டிட்டுப் போனேன். அவங்க ஸ்டூல எடுத்துப் போட்டு "ஏன் ஐயா நிறுத்தினீங்க"ன்னு மெதுவா கேட்டதும் எல்லாத்தையும் கொட்டிட்டாரு. ரிப்போர்ட்ல நார்மல்னு வந்துச்சாம், காலு வலிக்குதாம், ராத்திரி மறந்து தூங்கிடுறாராம்.

"நார்மல் ஆனதே மாத்திரையாலதான் ஐயா, விட்டா சில வாரத்துலயே பழையபடி ஏறிடும், ஏறுறது ஒடம்புக்குத் தெரியாது. ஸ்டென்ட் வச்சவங்க டாக்டர கேக்காம நிறுத்தவே கூடாது. எந்தக் காலு வலிக்குது?"

"வலது முட்டிம்மா. பாடலீஸ்வரர் தேர் அன்னைக்கு கூட்டத்துல விழுந்தேன்ல, அதுலேர்ந்து."

"இந்த மாத்திரையால வர்ற வலின்னா பொதுவா ரெண்டு பக்கமும், தொடை, கெண்டைக்கால்னு சதையில வரும் ஐயா. எதுக்கும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. சதையெல்லாம் ரொம்ப வலிச்சு ஒண்ணுக்கு கருஞ்செவப்பா போனா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

ராத்திரி மறக்குற விஷயம்தான் ரொம்ப சுலபமா முடிஞ்சுது. சிம்வாஸ்டாட்டின் மாதிரி சிலதுதான் ராத்திரி போடணும், அட்டோர்வாஸ்டாட்டின எந்த நேரம் வேணா போடலாம், காலைல சுகர் மாத்திரையோட சேத்துப் போட்டுக்கங்கன்னாங்க. அப்பா மொறச்சுப் பாத்து "இத யாருமே எங்கிட்ட சொல்லலையே"ங்கிறாரு. இத்தனை வருஷமா டாக்டர்னு சொல்லி வாங்குன ஃபீஸுக்கு ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?

சட்டப்படி இது ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாம குடுக்கவே கூடாது, 2015ல வந்த பார்மசி ப்ராக்டிஸ் விதிகள்ல நோயாளிக்கு எடுத்துச் சொல்லணும்னும் இருக்கு. யாரு பண்றா? 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, 2025ல முதல்வர் மருந்தகம்னு வெல கொறஞ்ச கடையும் தொறந்துட்டாங்க, நல்ல விஷயம்தான். ஆனா வாங்குன மாத்திரைய ஆளு முழுங்குறானான்னு ஒருத்தர் நோட்டு வச்சு பாக்குறாங்களே, அவங்களுக்கு அந்தப் பேச்சுக்கு பத்து பைசா கிடையாது, அட்டையில வர்ற லாபம்தான். அன்னைக்கு பேசுன நேரத்துல வந்து நின்னு நின்னு போன கிராக்கிங்க வேற.

அப்பா இப்ப முழு அட்டையா வாங்குறாரு. மூணு மாசம் கழிச்சு எடுக்கப்போற லிப்பிட் டெஸ்ட் (ரத்தத்துல கொழுப்பு பாக்குறது) ரிப்போர்ட்ட மொதல்ல பாப்பாகிட்டதான் காட்டுவாராம், நான்லாம் அப்புறம்தானாம்.

ஒரு கொற சொல்லியே ஆகணும். மதியம் ரெண்டு மணிக்கு சாத்துனா அஞ்சு மணிக்குத்தான் தொறக்குறாங்க, பில்லு கேட்டா "பிரிண்டர் ரிப்பேர்ண்ணா, நாளைக்கு தரேன்". இன்ஷூரன்ஸுக்கு பில்லு வேணும்னா மறுபடி அந்த ஏசி கடைக்குத்தான் போகணும், அத நெனச்சாலே எரியுது.