எங்கள் தேன் வியாபாரத்துக்கு ஏஐ வைத்துத் தந்தவரைப் பற்றி

மார்த்தாண்டம் பக்கம் வீட்டிலேயே தேன் அடைத்து கூரியரில் அனுப்புகிறோம். தேனீப் பெட்டிகளைப் பார்ப்பது வீட்டுக்காரர், ஃபோனும் கணக்கும் நான். ரப்பர் தளிர் விட்டு தேன் எடுக்கும் மாதங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் எழுதுவார்கள், ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து நோட்டில் முகவரி எழுதுவேன், அப்படியும் இரண்டு மூன்று விட்டுப்போகும்.

முன்பு ஒரு கம்பெனி முன்பணம் வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் மட்டும் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றை மாட்டிவிட்டுப் போனது. அதனால் இந்த சார் வந்தபோதும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பதினான்கு வருடம் மெடிக்கல் ரெப்பாக நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை கடை கடையாக ஏறி இறங்கியவர், லாக்டவுனுக்குப் பிறகு இந்த ஏஐ வேலையைப் படித்துத் தொழிலை மாற்றிக்கொண்டாராம். கல்லாவில் ஆள் நிற்கும்போது ஓரமாகக் காத்திருக்கத் தெரிந்தவர், அது எனக்கு முதல் நாளே பிடித்தது.

அன்றைக்கு அவர் லேப்டாப்பையே திறக்கவில்லை. "அக்கா, உங்க நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று வாங்கி மூன்று மாத ஆர்டரையும் புரட்டிப் பார்த்தார். வருகிற மெசேஜில் பாதிக்கு மேல் நாலே கேள்விதான்: விலை என்ன, கூரியர் சார்ஜ் எவ்வளவு, எப்போது வரும், தேன் உறைந்துவிட்டதே சர்க்கரை கலந்ததா. இதற்கு ஏஐ எதற்கு, வாட்ஸ்அப் பிசினஸில் இலவசமாகவே விரைவுப் பதில் வைக்கலாமே என்று சொல்லி, நல்ல தேனும் உறையும், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும் என்பதை என் வார்த்தையிலேயே எழுத வைத்தார்.

ஏஐ வந்தது முகவரிக்குத்தான். ஜனங்கள் பாதி தமிழ் பாதி இங்கிலீஷ், பின்கோடு ஒரு மெசேஜில், வீட்டுப் பெயர் இன்னொன்றில் என்று அனுப்புவார்கள். இப்போது அதெல்லாம் பிரிந்து ஷீட்டில் விழுகிறது, பின்கோடு ஆறு இலக்கம் இல்லையென்றால் அந்த வரி சிவப்பாகிவிடும், நான் ஒருமுறை சரிபார்த்து லேபிள் எடுக்கிறேன். இரண்டு மணி நேர வேலை இருபது நிமிடமாகிவிட்டது. ஷீட், பாஸ்வேர்டு எல்லாம் என் பெயரில்தான் இருக்கிறது, வாடிக்கையாளர் நம்பர் எதுவும் அவரிடம் இல்லை.

நான் மறக்காத விஷயம் ஒன்று உண்டு. மற்ற கேள்விகளுக்கு ஏஐ பதில் எழுதட்டும் என்று சோதித்துப் பார்த்தோம். பிறந்த குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைக்கலாமா என்று கேட்டதற்கு அது கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று எழுதியது. சார் உடனே நிறுத்திவிட்டார். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, பொட்டுலிசம் என்கிற நோய் வரலாம். நம் ஊரில் பாட்டிமார் செய்கிற வழக்கம்தான், ஆனால் விற்கிற நாம் சரியாகச் சொல்ல வேண்டாமா? இப்போது குழந்தை, கர்ப்பம், சுகர் என்ற சொல் வந்தாலே மெசேஜ் நேராக என்னிடம் வந்துவிடும். அதேபோல 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு என்கிற அரசு முத்திரை கிடைத்ததை வைத்து, அந்த முத்திரை எங்கள் பாட்டிலுக்கே உண்டு என்று ஏஐ விளம்பரம் எழுதித் தந்தது. முறையாகப் பதிவு செய்தவர்தான் அதைப் போடலாம் என்று அதையும் வெட்டினார்.

குறையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் என்றார், ஆறு வாரம் ஆனது, தனி ஆள் என்பதால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் மற்ற இடம் தள்ளிப்போகிறது. வாய்ஸ் மெசேஜை எழுத்தாக்கும் வேலை சரிவரவில்லை. நம் பக்கத்துப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை, ஒரு அம்மா சிறுதேன் "காக்கிலோ", அதாவது கால் கிலோ, கேட்டதை ஆறு கிலோ என்று எழுதி வைத்தது. அதை எடுத்துவிட்டோம், அந்தப் பகுதிக்கு அவர் காசும் வாங்கவில்லை. ஜிஎஸ்டி பற்றிக் கேட்டால் ஆடிட்டரைக் கேளுங்கள் என்றுதான் சொல்வார், எனக்கு அது சரியாகவே பட்டது.

மொத்தம் பதினைந்தாயிரம் கொடுத்தேன், சாஃப்ட்வேருக்கு மாதம் தொள்ளாயிரம் தனி. கூப்பிடுகிறவர்கள் சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே கூப்பிடுங்கள். நான் தேன் எடுப்பு நடுவில் ஆரம்பித்து, பாதி ஆர்டர் நோட்டிலும் பாதி ஷீட்டிலுமாக ஒரு வாரம் திண்டாடிவிட்டேன்.