கண்ணுக்குக் கீழே ஃபில்லர்: கரைந்துவிடும் என்றார்கள், கரையவில்லை

கண்ணுக்குக் கீழே விழும் குழியை நிரப்ப ஹயலுரானிக் ஆசிட் ஃபில்லர் என்ற ஜெல்லை ஊசியில் போடும்போது, "ஒரு வருஷத்தில் தானாகக் கரைந்துவிடும்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். முதல் சில மாதம் முகம் நன்றாகவே இருந்தது, அதை மறுக்க மாட்டேன். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

காலையில் எழுந்தால் இரண்டு கண்ணுக்குக் கீழும் பை தொங்கும். மத்தியானத்துக்குள் பாதி வடியும். முந்தின ராத்திரி ஊறுகாய், அப்பளம் என்று உப்பாகச் சாப்பிட்டிருந்தால் அன்றைக்கு வடியவே வடியாது. இந்த ஜெல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லியது, நிணநீர் வடிவதும் மெதுவாகத்தான். டியூப்லைட் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்த மாதிரி ஒரு கோடும் தெரிந்தது. ஜெல் தோலுக்கு மிக அருகில் தங்கினால் ஒளி சிதறி அப்படித் தெரியுமாம். டிண்டால் எஃபெக்ட் என்கிறார்கள். கன்சீலர் எவ்வளவு பூசினாலும் மறையாது.

ஃபில்லர் போட்ட கிளினிக்கில் "தூக்கம் போதவில்லை, அலர்ஜி" என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. இமை அறுவைச் சிகிச்சை செய்யும் கண் டாக்டர் ஒருவர்தான் அல்ட்ராசவுண்டில் பார்த்து, ஜெல் அப்படியே இருக்கிறது என்று காட்டினார். ஸ்கேனில் அது கறுப்புத் திட்டுகளாகத் தெரிந்தது. வருஷக்கணக்கில் தங்கியிருப்பது எம்.ஆர்.ஐ. ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது.

கரைப்பதற்கு ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டார். தேனீ விஷத்திலும் இதே வகை நொதி இருப்பதால், தேனீ கொட்டி அலர்ஜி ஆனதுண்டா என்று முதலில் கேட்டார். ஊசி நன்றாகவே எரிந்தது, அன்று முழுக்க வீக்கம். இரண்டொரு நாளில் பை இறங்கியது. ஒரே தடவையில் முழுதும் போகவில்லை, மறுபடி போட வேண்டியிருந்தது. இப்போது நீலக்கோடு இல்லை, காலை வீக்கம் இல்லை. பழைய குழி திரும்பிவிட்டது. அது எனக்குப் பரவாயில்லை.

போட நினைப்பவர்கள் முதலில், உங்கள் கருவளையம் குழியின் நிழலா, தோலின் நிறமியா என்று டாக்டரிடம் கேளுங்கள். நம் ஊர்த் தோலில் நிறமிதான் பெரும்பாலும் பெரிய பங்கு, அதற்கு ஃபில்லர் எதுவும் செய்யாது. ஹயலுரானிக் ஆசிட் அல்லாத ஃபில்லர்களில் இந்தக் கரைக்கும் ஊசி வேலை செய்யாது, அதனால் என்ன பொருள் என்பதை எழுதி வாங்குங்கள். கரைக்கும் மருந்து அங்கேயே கைவசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபில்லர் ஊசி போட்டதும் கடும் வலி, தோல் வெளிறுதல், பார்வை மங்கல் வந்தால் அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.